சேற்றை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பெறுநர்: கிங்ஸ்டனில் கூடும் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தின் பேரவையில் இந்தியாவின் சார்பில் அமரும் பேராளர்கள்

மதிப்பிற்குரிய பேராளர்களுக்கு,

நடு இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் நாட்டின் பெயரில் இருக்கிறது. 2002 மார்ச் 25 அன்று 15 ஆண்டுகளுக்குக் கையெழுத்தான ஆய்வு ஒப்பந்தம், இரண்டு முறை ஐந்தைந்து ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டு, 2027 மார்ச்சில் முடிகிறது. அந்தப் பரப்பில் 38 கோடி டன் உலோக முடிச்சுகள் (உலோகம் செறிந்த கட்டிகள்) கிடக்கின்றன என்றும், அவற்றில் நிக்கல் 47 லட்சம் டன், தாமிரம் 42.9 லட்சம் டன், கோபால்ட் 5.5 லட்சம் டன், மாங்கனீசு 9.26 கோடி டன் என்றும் அரசின் அறிக்கைகள் வரிசையாகச் சொல்கின்றன. முடிச்சுகள் எதன்மேல் கிடக்கின்றனவோ அந்தச் சேற்றுக்கு மட்டும் கணக்கு இல்லை. அதைத் தாது என்றும் யாரும் எழுதவில்லை, கழிவு என்றும் எழுதவில்லை.

ஆணையத்தின் 2025 ஜூலைக் கூட்டமும் கடல்தரையில் தாது தோண்டும் விதிகளை முடிக்காமல் கலைந்தது. விதிகள் தாமதமாவதில் எங்களுக்கு வருத்தமில்லை. தாமதத்துக்குப் பிறகும் சேறு விடுபட்டே போகும் என்பதுதான் கவலை. ஆணையம் ஆய்வு விதிகளை மூன்று தாதுக்களுக்குத்தான் வகுத்திருக்கிறது: முடிச்சுகளுக்கு 2000இல், சல்பைடு திட்டுகளுக்கு 2010இல், கோபால்ட் செறிந்த பொறுக்குகளுக்கு 2012இல். அருமண் தனிமங்கள் (ரேர் எர்த்) செறிந்த சேறு நான்காவது. அதற்கென்று விதி கிடையாது. சுற்றுச்சூழல் தரவு திரட்டும் பட்டியலில் சேறு 'சூழல்' என்று வருகிறது, தாது என்று வரவில்லை. தாதுவாக இல்லாத ஒன்றை யாராவது அள்ளிக்கொண்டு போனால் அது எந்த விதியில் அடங்கும்?

கற்பனையான கேள்வி இல்லை இது. 2011இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்டோ யசுஹிரோ குழு, பசிபிக் சேற்றில் அருமண் செறிந்திருப்பதை உலகத்துக்குச் சொன்னது. 2018இல் மினாமிதோரிஷிமா தீவுக்குத் தெற்கே சுமார் 2,500 சதுர கிலோமீட்டரில் 1.6 கோடி டன் அருமண் ஆக்சைடு இருப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 2022இல் இபராகி கரைக்கு அப்பால் 2,470 மீட்டர் ஆழத்திலிருந்து சேற்றை மேலே ஏற்றும் சோதனையும் நடந்தது. பின் சொன்ன இரண்டும் ஜப்பானின் 200 கடல் மைல் எல்லைக்குள். நம் ஒப்பந்தப் பரப்போ யார் எல்லைக்கும் உட்படாத, ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை 'மனித குலத்தின் பொதுச் சொத்து' என்று எழுதிவைத்த இடம்.

அருமண் சேற்றுக்குள் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. செத்து மூழ்கும் மீனின் பல்லும் எலும்பும் கால்சியம் பாஸ்பேட். உயிரோடிருக்கும் மீனின் பல்லில் அருமண் மிகக் குறைவு. கடல்தரையில் கிடக்கும்போதுதான் அது தண்ணீரிலிருந்து அருமண்ணை உறிஞ்சுகிறது. மேலே மண் வேகமாகக் குவிந்தால் பல் சீக்கிரம் புதைந்துவிடும், உறிஞ்ச நேரம் கிடைக்காது. ஆகவே ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட சேராத, சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோகும் ஆழத்தில்தான் செறிந்த சேறு கிடைக்கும். நம் படுகையின் வட பாதியில் ஆற்று வண்டலும் சிலிக்கா ஓடுகளும் கலப்பதால் செறிவு குறைவு. தெற்கே செங்களிமண் பக்கம் போகப் போகக் கூடும். கடல்தரையில் மெதுவாக உருவாவதெல்லாம் விலைபெறும், கலைந்தால் திரும்பவும் மெதுவாகத்தான் உருவாகும்.

இப்போது சிறு கணக்கு. 38 கோடி டன்னை 75,000 சதுர கிலோமீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ முடிச்சு. ஒரு டன் முடிச்சுக்கு 200 சதுர மீட்டர் தரையைத் துழாவ வேண்டும். பொறுக்கும் எந்திரம் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணோடு சேர்த்துத்தான் அள்ளும் அல்லது கலக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 கன மீட்டர் ஈரச் சேறு. மேல்மட்டச் சிலிக்காச் சேறு மிகவும் தளர்ந்தது. ஒரு கன மீட்டரில் உலர் மண் சுமார் கால் டன். ஆக, ஒரு டன் முடிச்சுக்கு ஐந்து டன் உலர் மண் இடம்பெயர்கிறது. அதில் அருமண் 250 பிபிஎம் (பத்து லட்சத்தில் 250 பங்கு) என்று அடக்கமாகவே எடுத்தாலும் ஒன்றேகால் கிலோ. முடிச்சில் அருமண் 1,000 பிபிஎம் என்றால், ஒரு டன்னுக்கு ஒரு கிலோ. எடுத்த முடிச்சில் இருக்கிற அளவுக்குக் குறையாமல் கலங்கிய சேற்றிலும் இருக்கிறது! எங்கள் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்; விடை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மறைந்துபோகாது.

உடனே 'அப்படியானால் சேற்றையும் எடுப்போமே' என்று யாராவது கை தூக்குவார்கள். அவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 1,000 பிபிஎம் உள்ள நல்ல செங்களிமண், ஒரு மீட்டர் தடிமன், ஒரு சதுர கிலோமீட்டர். பத்து லட்சம் கன மீட்டர், ஈர எடை சுமார் 13.5 லட்சம் டன். உலர் மண் 5 லட்சம் டன். அருமண் 500 டன். உலகம் ஓராண்டில் எடுக்கும் அருமண் ஆக்சைடு 4 லட்சம் டன்னை ஒட்டி இருக்கிறது. 'ஒரு சதுர கிலோமீட்டர் போதும், உலகத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு' என்று 2011இல் வந்த செய்தி பல பத்து மீட்டர் தடிமனைச் சேர்த்து எண்ணியது; தலைப்போடு தடிமன் வருவதில்லை. அந்த 500 டன்னிலும் காந்தத்துக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியம் சில விழுக்காடுதான். நீர்த்த அமிலத்தில் சில மணி நேரத்தில் அருமண் கரைந்து வந்துவிடும் என்பது உண்மை. அமிலத்தில் ஊறிய 5 லட்சம் டன் மண்ணை எங்கே கொட்டுவது என்பதும் உண்மை.

அளவைக் குறைக்க ஒரு வழி உண்டு. சேற்றை ஹைட்ரோசைக்ளோன் என்ற, சுழல்விசையால் துகள்களைப் பிரிக்கும் கருவியில் சுழற்றினால், மீன் பல் துகள்கள் பெருமணிகளாக ஒதுங்கும். நுண்களிமண் தனியே போகும். செறிந்ததைக் கப்பல் வைத்துக்கொள்ளும், நுண்களிமண் கடலுக்கே திரும்பும். ஆனால் கடலுக்குத் திரும்புவது எது? இரண்டு மைக்ரான் களிமண் துகள் குளிர்ந்த கடல்நீரில் தனித்தனியாக இறங்கினால் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆயிரம் மீட்டர் மேலே விட்டால் தரை தொடப் பல ஆண்டுகள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் வேகம் பல மடங்கு கூடும் என்பதை மறைக்கவில்லை. எவ்வளவு திரளும் என்பது அந்தந்தச் சேற்றைப் பொறுத்தது. அதை அளந்து சொல்லாமல் 'விரைவில் படிந்துவிடும்' என்று யாரும் எழுதித் தரக்கூடாது.

அளப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணையத்துக்கு வரும் அட்டவணைகளில் 'வண்டலில் மொத்த அருமண், பிபிஎம்' என்று ஒரு பத்தி இருந்தால், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்காமல் இரண்டு நாடுகளின் எண்களை அருகருகே வைக்கவே முடியாது.

முதலில் உப்பு. ஆழ்கடல் சேற்றை 105 டிகிரியில் உலர்த்தினால் எடையில் முக்கால் பங்கு தண்ணீராகப் போகும். போன 75 கிராம் தண்ணீர், கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் இருந்தது. அதன் உப்பு 2.7 கிராம் பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. மிச்சமிருக்கும் 25 கிராம் 'உலர் வண்டலில்' கிட்டத்தட்ட 11 விழுக்காடு வெறும் உப்பு. கருவி 250 பிபிஎம் காட்டினால் உண்மையில் 280. உறைநிலையில் உலர்த்தினாலும் இதே கதைதான், உப்பு எங்கும் ஓடாது. தண்ணீர் விட்டு அலசிப் போக்கலாமே என்றால், அலசும்போது நுண்களிமண்ணும் சேர்ந்து போய்விடும். இழந்த தண்ணீரின் எடையிலிருந்து உப்பைக் கணக்கிட்டுக் கழிப்பதே நேர்வழி. திருத்தாத பொடியை மழைக்காலத்தில் தராசில் வைத்துப் பாருங்கள்: உப்பு காற்றின் ஈரத்தை இழுக்க, நான்காம் தசம எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகும்.

அடுத்தது கரைப்பது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைக்கும்போது கால்சியமும் அலுமினியமும் ஃபுளோரைடாகத் திரிந்து, அருமண்ணைக் கூடவே இழுத்துக்கொண்டு அடியில் தங்கும். மேலே தெளிவான திரவத்தைப் பார்த்து முழுதும் கரைந்தது என்று நினைப்பவர்கள் குறைந்த எண்ணைத்தான் எழுதுவார்கள். நைட்ரிக் அமிலத்தோடு திரும்பத் திரும்ப வற்றவிட்டு ஃபுளோரைடை வெளியேற்ற வேண்டும், அல்லது லித்தியம் மெட்டாபோரேட்டில் உருக்க வேண்டும்.

பிறகு கருவி. தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் என்ற நிறமாலைக் கருவி அணுவின் எடையைத்தான் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. பேரியம் 137 ஓர் ஆக்சிஜனை ஒட்டிக்கொண்டால் 153, அருமண்ணான யூரோப்பியமும் 153. சிலிக்காச் சேற்றில் பேரியம் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருக்கலாம், யூரோப்பியம் இரண்டு பிபிஎம் அளவில்தான். பேரியம் 3,000 பிபிஎம், ஆக்சைடாகச் சேர்வது ஆயிரத்தில் ஒன்று என்றால்கூட 153இல் அரை பிபிஎம்முக்கு மேல் பொய்யான யூரோப்பியம் தோன்றும். நியோடிமியம் டெர்பியமாகவும், டெர்பியம் லுட்டீசியமாகவும் இதே வேடத்தைப் போடும். திருத்தினார்களா, எந்தச் சான்றுப் பொருளோடு (அளவு ஏற்கெனவே தெரிந்த மாதிரியோடு) ஒப்பிட்டார்கள் என்ற வரி அறிக்கையில் இருக்க வேண்டும். முடிச்சுகளுக்கு நாட்-ஏ-1, நாட்-பி-1, ஜேஎம்என்-1 போன்றவை உலகம் முழுதும் புழங்குகின்றன. அவை முடிச்சுக்கானவை, சேற்றுக்கு வண்டல் சான்றுப் பொருளைத்தான் ஓட்ட வேண்டும். சேற்று அறிக்கையில் முடிச்சின் சான்று எண்ணை மட்டும் காட்டுவது, அரிசி எடைபோடத் துணி அளக்கும் கோலைக் காட்டுவது மாதிரி.

மொத்தக் கூட்டலும் ஏமாற்றும். கடல்நீரிலிருந்து நேரே படியும் இரும்பு-மாங்கனீசு பொறுக்கு சீரியம் என்ற அருமண்ணை ஆக்சிஜனேற்றிப் பிடித்துவைக்கும், அதனால் முடிச்சில் சீரியம் தூக்கலாக இருக்கும். மீன் பல் உள்ள சேற்றில் சீரியம் பள்ளமாக இருக்கும். சீரியம் மலிவு. 'மொத்தம் 1,000' என்று இரண்டும் சொன்னாலும் பொருள் ஒன்றில்லை. இயற்கையில் கிடைக்கும் 14 லாந்தனைடுகளையும் யிட்ரியத்தையும் தனித்தனியே எழுதினால்தான் எது முடிச்சின் தூள், எது சேறு என்றே பிரிக்க முடியும்.

கதிரியக்கம் பற்றி ஒரு வாதம் அடிக்கடி வருகிறது. மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட் என்ற அருமண் கனிமத்தில் தோரியம் அதிகம், ஆழ்கடல் சேற்றில் தோரியம் மிகக் குறைவு, ஆகவே சேறு சுத்தம் என்பது அது. தோரியம் 232 வரைக்கும் சரிதான். ஆனால் கடல்நீரில் கரைந்த யுரேனியம் சிதைந்து உண்டாகும் தோரியம் 230 தண்ணீரில் தங்காது. துகள்களில் ஒட்டி இறங்கி, மெதுவாகப் படியும் சேற்றின் மேற்பரப்பிலும் முடிச்சின் வெளித்தோலிலும் குவியும். அதன் அரைவாழ்வு சுமார் 75,000 ஆண்டு. அதிலிருந்து ரேடியம் 226, அதிலிருந்து ரேடான் வாயு. ஒரு பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதையும் அளவு) தோரியம் 230இன் எடை சுமார் 1.3 நானோகிராம்தான். பிபிஎம் அட்டவணையில் அது ஒருபோதும் தெரியாது. மாதிரியைக் காற்றுப் புகாமல் அடைத்து மூன்று நான்கு வாரம் வைத்து, ரேடான் சமநிலைக்கு வந்த பிறகு காமா நிறமாலையில் ஈயம் 214இன் 352 கேஇவி, பிஸ்மத் 214இன் 609 கேஇவி கோடுகளைப் படிக்க வேண்டும். அடைக்காமல் அன்றே எண்ணினால் குறைவாகத்தான் வரும். கப்பலின் மூடிய கிடங்கில் உலரும் முடிச்சுப் பொடியின் பக்கத்தில் வேலை செய்யப்போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலேயே ஒரு தவறு நடக்கிறது. எல்லாவற்றுக்கும் அடி அதுதான். கனத்தைக் கட்டி இறக்கும் கிராவிட்டி கோரர் என்ற மாதிரிக் குழாய் தரையைத் தொடும் முன்பே அதன் முன்னால் தள்ளப்படும் நீரலை மேலேயுள்ள கஞ்சி போன்ற மண்ணை ஊதிவிடும். குழாய்க்குள் வரும் மண் சில சென்டிமீட்டர் கீழிருந்துதான் தொடங்குகிறது. பொறுக்கும் எந்திரம் கலக்கப்போகும் மண்ணோ அந்த ஊதிப்போன மண்தான். மேல் பத்து சென்டிமீட்டருக்கு மல்டி கோரர், அல்லது மேலே தெளிந்த நீர் கலையாமல் ஏறிவந்த பாக்ஸ் கோரர். கீழே போகப் பிஸ்டன் கோரர். கலங்கிய நீரோடு வந்த பெட்டியை நிராகரிக்க வேண்டும், ஒரு நிலையத்துக்குக் கப்பல் செலவு எவ்வளவு ஆனாலும்.

கலங்கினால் என்னாகும் என்பதற்கு நம் கைவசமே சான்று இருக்கிறது. 1997இல் இதே நடு இந்தியப் படுகையில், சுமார் 5,400 மீட்டர் ஆழத்தில், மூன்று கிலோமீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள பட்டையில் 26 முறை கருவியை இழுத்து, 6,000 கன மீட்டர் வண்டலைக் கிளப்பி, பிந்தைய ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள் நம் விஞ்ஞானிகள். உலகில் சில நாடுகளிடமே இப்படிப்பட்ட சோதனை இருக்கிறது. பெரு படுகையில் 1989இல் ஜெர்மானியர்கள் உழுத தடங்கள் 26 ஆண்டு கழித்துப் போனபோதும் அப்படியே இருந்தன. 2021இல் பசிபிக்கில் எந்திரம் கிளப்பிய வண்டலில் 92 முதல் 98 விழுக்காடு தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள்ளேயே நின்றது. மிச்சமிருக்கும் சில விழுக்காடுதான் தொலைவுக்குப் போகும் தூசி. 2022இல் அங்கே இன்னொரு சோதனையில் 3,000 டன் முடிச்சு எடுக்கப்பட்டது. எந்திரம் ஓடிய தடத்தில் மண்வாழ் சிற்றுயிர்களின் எண்ணிக்கை 37 விழுக்காடு குறைந்தது என்று 2025 இறுதியில் வெளியான ஆய்வு சொன்னது. நம் படுகையில் ஆயிரம் ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் படிவதாகக் கொண்டால், ஒரே நாளில் விழும் ஒரு மில்லிமீட்டர் தூசி ஐந்நூறு ஆண்டு வண்டல். இத்தனைக்குப் பிறகும் எத்தனை மில்லிமீட்டர் வரை, எத்தனை மில்லிகிராம் வரை என்ற எல்லை எண் விதியாகவில்லை.

எல்லை எண் வந்தாலும் எந்த அலகில் என்பது முக்கியம். கலங்கல் அளக்கும் ஒளிக்கருவி என்டியு என்ற கலங்கல் அலகில் காட்டும். அது ஃபார்மசின் என்ற செந்தரக் கலங்கல் கரைசலை வைத்துத் திருத்திய எண். ஒரே 5 என்டியு, பெருமணலில் ஒரு மில்லிகிராம் கணக்கையும் நுண்களிமண்ணில் வேறொரு மில்லிகிராம் கணக்கையும் தரும். அந்த இடத்துச் சேற்றைக் கரைத்து, வடிகட்டி, எடைபோட்டுக் கருவியைத் திருத்தாமல் வந்த எண்ணை ஏற்கக்கூடாது.

நாங்கள் கேட்பது இவைதான்.

ஒப்பந்தத்தின் அடுத்த நீட்டிப்போ தோண்டும் விண்ணப்பமோ எது 2027க்கு முன் பேரவைக்கு வந்தாலும், சேறு முடிச்சு ஒப்பந்தத்தில் அடங்காது, முடிச்சோடு ஏறிவரும் சேற்றிலிருந்து அருமண்ணைப் பிரித்து விற்க உரிமை இல்லை என்று இந்தியா பேரவையில் பதிவு செய்ய வேண்டும். தோண்டுபவர்கள் ஆணையத்துக்குத் தர வேண்டிய பங்குத்தொகைக்கான வரைவு நிக்கல், கோபால்ட், தாமிரம், மாங்கனீசு நான்கையும் மையமாக வைத்துப் பேசுகிறது. ஐந்தாவதாக ஒன்று சத்தமில்லாமல் கப்பலேறினால் பொதுச் சொத்துக்குச் சேர வேண்டியது சேராது.

சேற்றுக்குத் தனி விதி வகுக்கச் சொல்லி உடன்படிக்கையின் 162ஆம் பிரிவின்படி யாரும் இப்போது கோரிக்கை வைக்க வேண்டாம். அப்படிக் கோரினால் மூன்றாண்டுக்குள் விதி வேண்டும் என்று கடிகாரம் ஓடத் தொடங்கும். தோண்டும் விதிகளை முடிக்கக் கோரி 2021இல் நவுரு என்ற தீவு நாடு முடுக்கிய இரண்டாண்டுக் கடிகாரம் 2023 ஜூலையில் நின்றபோது கையில் விதி இல்லை என்பதைப் பார்த்தோம். அடிப்படை அளவுகள் சேரும் முன் அந்தப் பொத்தானை அமுக்குவது யாருக்கும் நல்லதல்ல. வேறொரு நாடு அமுக்க முனைந்தால் இந்தியா எதிர்க்க வேண்டும்.

சட்ட, தொழில்நுட்ப ஆணைக்குழுவின் அறிக்கைப் படிவத்தில் சேற்றுக்குத் தனிப் பக்கம் வேண்டும்: எந்தக் கோரர், மேல்மட்டம் கலையாமல் வந்ததா, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் முதல் 20 சென்டிமீட்டர், நீர் இழப்பு, உப்புத் திருத்தம், 15 தனிமங்களும் தனித்தனியே, பேரிய ஆக்சைடுத் திருத்தம், வண்டல் சான்றுப் பொருளின் எண், அடைத்து வைத்து எடுத்த காமா அளவு. இவை ஆணையத்தின் பொதுத் தரவுத்தளத்தில் சுற்றுச்சூழல் தரவாக வர வேண்டும். வணிக ரகசியம் என்று பூட்டக்கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது 50 கிராம் மாதிரியைப் பிற ஆய்வகங்கள் கேட்டால் தரும்படி 4 டிகிரியில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

1997 சோதனையின் மூலத் தரவுகளையும் பிந்தைய ஆண்டுகளின் தரவுகளையும், வண்டல் பொறிகள் பிடித்த வண்டலின் எடை முதல் மண்வாழ் சிற்றுயிர் எண்ணிக்கை வரை, ஒரே தொகுப்பாக வெளியிட்டு, அந்தப் பட்டைக்கு இப்போது திரும்பப் போய் மல்டி கோரரில் மாதிரி எடுக்க ஒரு பயணத்துக்கு நிதி ஒதுக்கும்படி புவி அறிவியல் அமைச்சகத்தைக் கேளுங்கள். 2021இல் 5,270 மீட்டருக்கு எந்திரத்தை இறக்கி ஓட்டிக் காட்டியவர்களுக்கு அந்தப் பட்டை எட்டாத தூரமில்லை.

கலங்கலுக்கும் படிவுக்கும் மில்லிகிராமிலும் மில்லிமீட்டரிலும் எல்லை எண் விதிக்குள் எழுதப்படும் வரை, அந்தந்த இடத்துச் சேற்றால் திருத்திய கருவி எண் வரும் வரை, எந்த நாட்டின் தோண்டும் விண்ணப்பத்துக்கும் இந்தியா கை தூக்க வேண்டாம். நம்முடையதானாலும்.

இப்படிக்கு,
கடல்தரை வண்டல் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்